தெரு, சக்கரம், கடை: பகிஷ்கரிப்பு பற்றிச் சில குறிப்புகள்

1

துண்டறிக்கை ஒன்று எழுதித் தரவேண்டும் என்று காலனிப் பையன்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வில்லியனூர் கொம்யூனில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் எந்த ஊரின் பெயரைப் போட்டுப் படித்தாலும் பொருந்தும்.

விஷயம் இதுதான். காலனியிலிருந்து தார்ரோட்டுக்குப் போக ஊர்த்தெரு ஒன்றுதான் நேர்வழி. சுற்றிப்போனால் ஏரிக்கரை வழியாக ஒன்றரை கிலோமீட்டர் கூடுதல், மழைக்காலத்தில் சேறு. அந்தத் தெருமுனையில் இரும்புக் குழாயைக் குறுக்கே நட்டுப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். ஆள் நடந்து போகலாம், வண்டி போகக்கூடாது. "பசங்க பைக்க தாறுமாறா ஓட்றானுங்க. சின்னப்புள்ளைங்க விளையாட்ற தெரு" என்று காரணம் சொன்னார்கள். ஆனால் பூட்டுக்குச் சாவி ஊரில் இருந்தது. ஊர்க்காரர் டிராக்டர் வந்தால் குழாய் தூக்கும். காலனிக்காரர் டி.வி.எஸ். 50 வந்தால் தூக்காது.

குழாய் போடச் சொன்ன மனுவில் இரண்டு கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் மளிகைக்கடை. இன்னொருவர் டியூப், டயர், ஆயில் விற்கிறவர். இரண்டு பேருக்கும் பாதி வியாபாரம் காலனியில்தான். "நம்ம காசுல பொழச்சிக்கினு நம்ம வண்டியவே நிறுத்தறான். இனிமே அந்தக் கடையில ஒரு தீப்பெட்டிகூட வாங்கக்கூடாது. நீங்க தமிழ் எம்.ஏ. படிச்சவரு, நல்லா சூடா எழுதிக் குடுங்கண்ணே" என்றான் ஒருவன்.

எழுத உட்கார்ந்தேன். 'பகிஷ்கரிப்பீர்' என்று தலைப்புப் போட்டதும் பேனா நின்றுவிட்டது. இந்தச் சொல் எங்கள் தெருவுக்குப் புதிதில்லை. ஆனால் எப்போதும் அது எதிர்ப்பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது. நாம் பகிஷ்கரித்ததைவிட நம்மைப் பகிஷ்கரித்ததுதான் வரலாறு. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஆயுதத்தை மட்டும் கையில் எடுத்தால் கையைத்தான் அறுத்துக்கொள்வோம் என்று பட்டது. துண்டறிக்கைக்காகத் தேடியது இந்தக் கட்டுரையாக நீண்டுவிட்டது.

2

ஆங்கிலத்தில் பாய்காட் என்பது ஓர் ஆளின் பெயர். அயர்லாந்தில் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்டாக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். 1880-ல் குத்தகையைக் குறைக்க மறுத்து, குடியானவர்களை வெளியேற்றப் பார்த்தார். மைக்கேல் டேவிட், பார்னெல் ஆகியோரின் நிலக்கழகத்துக்காரர்கள் அவரை அடிக்கவில்லை. வயலில் வேலை செய்ய ஆள் போகவில்லை. கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. கடைசியில் வெளியூரிலிருந்து ஐம்பது பேரைக் கொண்டுவந்து, பட்டாளத்தைக் காவலுக்கு நிறுத்தி அறுவடை செய்தார்கள். விளைச்சலின் மதிப்பைப்போலப் பல மடங்கு காவலுக்கே செலவானது. அங்கே அது நிலமில்லாதவன் ஆயுதம்.

நம் ஊரில் அதே ஆயுதம் நிலமுள்ளவன் கையில் இருந்தது, அதுவும் பாய்காட் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே. ஊர்க்கட்டுப்பாடு, தள்ளி வைத்தல், விலக்கு, நெருப்புத் தண்ணி கொடுக்காமை என்று அதற்கு நம் மொழியில் எத்தனை பெயர்கள்! ஒரு வழக்கத்துக்கு இத்தனை சொல் இருக்கிறதென்றால் அது எவ்வளவு புழங்கியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வடமொழியின் பகிஷ்காரம் என்ற சொல்லுக்கும் வெளியே தள்ளுதல் என்றுதான் பொருள். அம்பேத்கர் 1924-ல் தொடங்கிய அமைப்புக்கு பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை என்றும், 1927 ஏப்ரலில் தொடங்கிய பத்திரிகைக்கு பகிஷ்கிருத பாரத் என்றும் பெயர் வைத்தார். தள்ளி வைக்கப்பட்டவர்களின் சபை, தள்ளி வைக்கப்பட்ட பாரதம். சுதேசிக்காரர்கள் 1905-லிருந்து அந்நியத் துணியை பகிஷ்கரிக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், பகிஷ்கரிக்கப்பட்ட மனிதர்கள் நாங்கள் என்று சொன்ன பெயர்கள் அவை.

3

இப்போது எங்கள் வீட்டுக் கதை. ஆயா சொல்லிக் கேட்டது. நைனா இதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

1981-ல் நைனாவுக்குப் புதுச்சேரி பஞ்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. கடன் வாங்கி ஒரு பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் எடுத்தார். எங்கள் சேரியில் அது மூன்றாவது சைக்கிள். மூன்று சைக்கிளுக்கும் ஒரே சட்டம்: ஊர்த்தெரு முனையில் கோயில் மூலை வந்ததும் இறங்கிவிட வேண்டும். தள்ளிக்கொண்டே அந்தக் கோடிவரைக்கும் போய், பிறகு ஏறிக்கொள்ளலாம். செருப்புப் போட்டிருந்தால் அதைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ள வேண்டும். திண்ணையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான்.

ஐப்பசி மழை. சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேரவேண்டும். நைனா அன்றைக்கு இறங்கவில்லை. ஓர் ஓரமாக, தலையைக் குனிந்துகொண்டு, மிதித்துப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் மளிகைக்கடையில் சேரிக்குச் சாமான் இல்லை. டீக்கடையில் நமக்கென்று வெளியே சொருகி வைத்திருந்த அலுமினியக் குவளையும் இல்லை. நெல் அரைக்கிற மிஷினில் "கரண்ட் இல்ல" என்றார்கள், உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வயல்வேலைக்கு யாரையும் கூப்பிடவில்லை. ஊர் மந்தை வழியாக மாடு ஓட்டக்கூடாது. "அந்தப் பையன் வந்து கோயில் முன்னால வுழுந்து கும்புட்டு, தெண்டம் கட்டிட்டுப் போவட்டும்" என்று தாக்கீது.

நைனா விழவில்லை. அது வீரத்தால் என்று சொல்ல மாட்டேன். ஆயா விடவில்லை. "என் புள்ள சம்பாரிச்சு வாங்குன வண்டி. ஏறிக்கினு போனான். அதுக்கு எதுக்குடா வுழணும்?" என்றாளாம்.

அந்த முப்பது நாற்பது நாளைச் சேரி எப்படிக் கழித்தது? மூன்று சைக்கிளால்தான். விடியற்காலையில் மூன்று பேர் ஏரிக்கரை சுற்றி வில்லியனூர் கடைத்தெருவுக்குப் போய், எல்லா வீட்டுக்கும் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் கட்டிக்கொண்டு வருவார்கள். சம்பளம் வந்த நைனா, கூலியில்லாத வீடுகளுக்குக் கடன் கொடுத்தார். இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. சேரிக்காரன் சைக்கிளில் ஏறக்கூடாது என்பதை மரியாதைப் பிரச்சினையாக மட்டுமே நாம் எழுதி வந்திருக்கிறோம். மரியாதைக்கு உள்ளே கடை இருக்கிறது. சக்கரம் இருக்கிறவன் அடுத்த ஊர்க் கடைக்குப் போவான். அடுத்த ஊர்க் கடைக்குப் போகிறவனைத் தள்ளி வைக்க முடியாது. தெருவை மூடுவதும் கடையை மூடுவதும் ஒரே பூட்டின் இரண்டு சாவிகள்.

கட்டுப்பாடு எப்படி முடிந்தது தெரியுமா? பேச்சுவார்த்தை ஒன்றும் இல்லை. ஊரில் நாற்றங்கால் முற்றிக்கொண்டிருந்தது. நாற்று முற்றிப்போனால் தூர் கட்டாது, விளைச்சல் அடிவாங்கும். நடவுக்குக் குனிய ஊரில் இடுப்பு இல்லை. வெளியூரில் ஆள் கேட்டிருக்கிறார்கள், அங்கேயும் நம் சனம்தான், வர மாட்டோம் என்றுவிட்டது. ஒருநாள் காலையில் தலையாரி வந்து ஆயாவிடம், "நடவுக்கு எத்தினி பேரு வர்றீங்க?" என்று ஒன்றும் நடக்காததுபோலக் கேட்டார். "மரக்கா ஒண்ணு சேத்துக் குடுத்தா எல்லாரும் வர்றோம்" என்றாளாம் ஆயா. அன்று சாயங்காலம் மளிகைக்கடைப் பையன் பாக்கி நோட்டை எடுத்துக்கொண்டு சேரிக்கு வந்தான். கடைக்காரருக்கும் அந்த நாற்பது நாளில் வியாபாரம் படுத்துவிட்டது.

4

சட்டம் எங்கே இருந்தது என்று படிப்பவர்கள் கேட்கலாம். நம் கொம்யூன்களின் கதை இதில் விசித்திரமானது.

பிரெஞ்சு இந்தியாவில் 1880-ல் பத்து கொம்யூன்கள் அமைத்தார்கள். புதுச்சேரிப் பகுதிக்கு நாலு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். மேயர் உண்டு, தேர்தல் உண்டு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பது குடியரசின் முழக்கம். ஆனால் 1819-ஆம் ஆண்டு ஆணையிலேயே இந்தியர்களை அவரவர் சாதி வழக்கப்படிதான் நடத்துவோம் என்று பிரெஞ்சு நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. முழக்கத்தில் சமத்துவம், கிராமத்தில் மாமூல். 1873-ல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் வந்ததற்குத் தடை விதித்தார்கள். அவர் பாரீசின் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார். நல்ல விஷயம்தான். ஆனால் வேளாளரான வழக்கறிஞரின் சப்பாத்து கடல் தாண்டி நியாயம் பெற்றது, பாகூர் வரப்பில் நடந்தவனின் செருப்பு தெருமுனையில் கக்கத்திலேயே இருந்தது.

பிரெஞ்சு எல்லையும் பிரிட்டிஷ் எல்லையும் நம் பக்கத்தில் சதுரங்கக் கட்டம்போல. ஒரு வயல் பிரெஞ்சு, அடுத்த வயல் தென்னார்க்காடு. அந்தப் பக்கத்தில் 1924-லேயே இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக்கட்டடம் எதிலும் தாழ்த்தப்பட்டவர் செல்ல எவரும் தடை சொல்லக்கூடாது. நிறைவேறியது, அரசாணையும் வந்தது. ஆணை வந்ததும் தெரு திறந்துவிடவில்லை. ஆனாலும் காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதம் இருந்தது.

தெருவைத் திறக்கக் கேட்டால் கடையை மூடுவார்கள் என்பதை அம்பேத்கர் மகாடில் நேரில் பார்த்தார். 1927 மார்ச்சில் சவுதார் குளத்தில் தண்ணீர் எடுத்ததற்கு அடி விழுந்தது. அடியோடு நிற்கவில்லை, அதன் பிறகு வந்தது பகிஷ்காரம். 1928-ல் பம்பாய் அரசு அமைத்த ஸ்டார்ட் கமிட்டியில் அவர் உறுப்பினர். உரிமையைக் கேட்கிற தீண்டப்படாதவனை அடக்க வெளிப்படையான வன்முறையைவிட சமூகப் பகிஷ்காரமே கொடிய ஆயுதம் என்று அந்தக் கமிட்டி கண்டது. ஏனென்றால் அடித்தால் வழக்குப் போடலாம், சாமான் தரமாட்டேன் என்றால் எந்தச் சட்டத்தில் போடுவது?

வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோது அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. பகிஷ்காரத்தையே குற்றமாக்க வேண்டும் என்று கேட்டார்கள். பகிஷ்காரம் என்றால் என்ன என்ற விளக்கத்தைப் பர்மாவின் 1922-ஆம் ஆண்டுப் பகிஷ்கார எதிர்ப்புச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பர்மாவில் அது தேசியவாதிகளின் பகிஷ்காரத்தை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட சட்டம். ஆண்டவன் தனக்காகச் செய்த பூட்டை எடுத்துச் சேரிக்கதவுக்குக் காவலாக மாட்டப் பார்த்தார்கள் இந்த இருவரும். அவர்களில் ஒருவர் நம் வடதமிழ்நாட்டுக்காரர் என்பதை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

பிறகு அரசியல் சட்டம் வந்தது. 15-ஆம் உறுப்பு கடையையும் சாலையையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதை விவாதித்தபோது, கடை என்ற சொல்லைச் சேவை தருகிற எல்லா இடத்துக்கும் பொருந்தும்படி விரிந்த பொருளில்தான் பயன்படுத்தியிருக்கிறோம் என்று அம்பேத்கர் விளக்கினார். 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் பகிஷ்காரத்துக்கு விளக்கமும் வந்தது. நமக்கோ அதுவும் தாமதம். வில்லியனூர்ப் பக்கம் கீழூரில் 1954 அக்டோபர் 18-ல் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். தீண்டாமைச் சட்டம் மட்டும் 1963 அக்டோபரில்தான் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது. கொடி ஒன்பது வருஷம் முன்னால் வந்துவிட்டது.

1989-ஆம் ஆண்டு வன்கொடுமைச் சட்டத்தை 2015-ல் திருத்தினார்கள், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறை. அந்தத் திருத்தத்தை ஒவ்வொரு காலனி இளைஞரும் படிக்கவேண்டும். பொது இடத்தில் தலித் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதும், செருப்பு, புதுத்துணி அணிவதைத் தடுப்பதும் குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. அதே பட்டியலில் இரண்டு உட்பிரிவு தள்ளி, சமூக, பொருளாதாரப் பகிஷ்காரமும் குற்றம் என்கிறது. வண்டியும் கடையும் ஒரே பக்கத்தில். எங்கள் ஆயா 1981-ல் கண்டுபிடித்ததைப் பாராளுமன்றம் 2015-ல் கண்டுபிடித்தது.

5

சக்கரத்தை வைத்தே சண்டை போட்டவர்களும் நமக்கு முன்னால் உண்டு. திருவிதாங்கூரில் அய்யன்காளி 1893-ல் வில்லுவண்டி வாங்கி, தலைப்பாகை கட்டிக்கொண்டு, புலையர் போகக்கூடாத வெங்ஙானூர்ப் பொதுச்சாலையில் ஓட்டிப்போனார். அதே அய்யன்காளி பின்னால் புலையக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது, வயலில் இறங்க வேண்டாம் என்று தம் மக்களுக்குச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் இரண்டையும் சேர்த்துப் பிடித்தார்: சாலைக்கு வண்டி, பள்ளிக்கு உழைப்பு மறுப்பு.

அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் 1955 டிசம்பரில் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் பகிஷ்கரித்தார்கள். 381 நாள். அதைத் தாக்குப்பிடிக்க வைத்தது பிரசங்கம் மட்டுமல்ல. நூற்றுக்கணக்கான கார்களைப் பங்குபோட்டு ஓட்டினார்கள், மிச்சப் பேர் நடந்தார்கள். பஸ்ஸை விடுகிறவனுக்கு மாற்று வண்டி வேண்டும், கடையை விடுகிறவனுக்கு மாற்றுக் கடை வேண்டும். மூன்று சைக்கிளின் கதைதான் அங்கேயும்.

அதே அமெரிக்காவில் வேறொரு பகிஷ்கரிப்பும் உண்டு. 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி காட்டுநிலங்களை ஒதுக்கி, அவற்றில் மோட்டார் வண்டியைத் தடுக்கிறார்கள். இந்தத் தடையை ஆதரிக்கிற கடைகளில் கூடாரமும் பூட்சும் வாங்காதே என்று பொழுதுபோக்குக்கு மோட்டார் ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். எங்கள் தெருக்குழாயும் அதுவும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றில்லை. அங்கே தடை வண்டிக்கு, இறங்கி நடந்தால் யாரும் போகலாம், எல்லாருக்கும் ஒரே விதி. இங்கே வண்டி ஒரு சாக்கு, தடை ஆளுக்கு. அங்கேயும்கூட அந்தக் காடுகளிலிருந்து முதலில் விரட்டப்பட்ட பழங்குடிகளை இரண்டு தரப்பும் எவ்வளவு நினைக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும். ஆகவே ஒரு பகிஷ்கரிப்பு நியாயமா என்று அளக்க நான் ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்: மூடியவனிடம் சாவி இருக்கிறதா?

6

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. அந்தப் பேச்சு எங்கள் பக்கமும் பரவி, என் அத்தை மகள் நைனாவின் அதே ஹெர்குலிஸில் குரங்குப் பெடல் போட்டுப் பழகினாள். அவளை நிறுத்தியது ஊர் இல்லை, எங்கள் சேரி ஆம்பளைகள். "வயசுக்கு வந்த பொண்ணு, சைக்கிள் என்னா சைக்கிளு" என்று சொன்னவர்களில் நைனாவும் ஒருவர். கோயில் மூலையில் இறக்கிவிடப்பட்டவன், வீட்டு வாசலில் ஒருத்தியை இறக்கிவிட்டான். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

7

துண்டறிக்கையைச் சூடாக எழுதவில்லை. பையன்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, நம்மில் சிலர் வண்டியைக் கண்டபடி ஓட்டுவது உண்மை, அதை நாமே நிறுத்தவேண்டும், அந்தச் சாக்கை அவர்களுக்குக் கொடுக்கக்கூடாது. இரண்டு, நாம் கடையை விடுவது வேறு, அவர்கள் நம்மைத் தள்ளி வைப்பது வேறு. ஆளைத் தள்ளுவதற்காக அவர்கள் செய்தார்கள், தெருவைத் திறப்பதற்காக நாம் செய்கிறோம். குழாய் எடுத்த அன்றே நம் புறக்கணிப்பும் முடியவேண்டும். சாதிப்பெயர் சொல்லி ஒரு வார்த்தை அறிக்கையில் வரக்கூடாது. மூன்று, அந்த மளிகைக்கடையில் பாக்கி வைத்திருக்கிற பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள்.

மூன்றாவதுதான் எல்லாரையும் மௌனமாக்கியது. நாற்பத்திரண்டு வீட்டில் பத்தொன்பது வீட்டுக்குப் பாக்கி. கடன்பட்டவள் கடையை விடமுடியாது. "பாக்கிய வெச்சிட்டுப் போறியா?" என்று தெருவில் வைத்துக் கேட்டுவிட்டால் போதும். சங்கத்துப் பணம், வேலைக்குப் போகிறவர்கள் போட்டது எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது பாக்கியையும் ஒரே நாளில் கட்டினோம். பணத்தை எண்ணி வாங்கும்போது கடைக்காரரின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவரை அதுவரைக்கும் எந்த அறிக்கையும் பயமுறுத்தவில்லை, தீர்ந்துபோன பாக்கி நோட்டு பயமுறுத்தியது.

அதன் பிறகு ஒரு சரக்கு ஆட்டோ வாரத்துக்கு இரண்டு தடவை வில்லியனூரிலிருந்து ஏரிக்கரை சுற்றிச் சாமான் கொண்டுவந்தது. இன்னொரு பக்கம் சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு நாங்களும் ஒரு மனு கொடுத்தோம். ஏழாவது வாரம் ஒரு காலையில் பூட்டைக் காணோம். யார் எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. குழாய் இன்னும் அங்கேதான் நட்டிருக்கிறது, மேலே தூக்கிய நிலையில். மளிகைக்கடைக்குச் சிலர் திரும்பிப் போகிறார்கள், சிலர் போகவில்லை. டயர் கடைக்காரர் என் வண்டிக்குப் பஞ்சர் போடும்போது, "நான் அன்னிக்கு என்னான்னு பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நைனாவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. பஞ்சாலை மூடி எத்தனையோ வருஷம். டி.வி.எஸ். 50-ல்தான் போகிறார், வருகிறார். போன வாரம் பின்னால் உட்கார்ந்து போனேன். கோயில் மூலை வந்தது. திண்ணையில் யாரும் இல்லை, குழாய் மேலே தூக்கியிருந்தது. வண்டி நிற்கவில்லை. ஆனால் வேகம் குறைந்தது. நைனாவின் இரண்டு கால்களும் தானாகக் கீழே இறங்கி, தெருக்கோடிவரைக்கும் தரையைத் தடவிக்கொண்டே வந்தன.

"ஏன் நைனா?" என்று கேட்டேன்.

"என்னா ஏன்?" என்றார். அவருக்குத் தெரியவே இல்லை.